வளவுப் பத்தியில் தொட்டிச் செடிகள்

கத்திரி முடிந்து ஆடிக் காற்றும் ஓய்ந்துவிட்டது. தேவகோட்டை வீட்டில் வளவை, அதாவது வீட்டு நடுவிலுள்ள முற்றத்தை, சுற்றி வைத்த செடிகளில் முக்கால்வாசி நிற்கின்றன. போனவை ஏன் போயின என்பதும் ஓரளவு பிடிபட்டுவிட்டது. எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் யாராவது இதே வேலையில் இறங்கினால் உதவும் என்று எழுதி வைக்கிறேன்.

வீட்டுக்குள் வளர்க்கும் செடிகளைப் பற்றி எங்கே கேட்டாலும் "ஜன்னல் பக்கம் வையுங்கள்" என்பார்கள். அது அடுக்குமாடி வீட்டுக்குச் சொல்வது. எங்கள் வீட்டில் ஜன்னல் பேருக்குத்தான். வெளிச்சம் முழுக்க வளவு வாசல் (முற்றத்தின் வானம் பார்த்த நடுப்பகுதி) வழியே மேலிருந்து இறங்குகிறது. வெயிலும் சூடும் உள்ளே வராமலிருக்கவே கட்டிய வீடு இது. தடித்த சுவர், தாழ்ந்த ஓட்டுச் சரிவு, சுற்றிலும் தூண் வைத்த பத்தி (தாழ்வாரம்), அதற்குப் பின்னால் இருட்டறைகள். மனிதர்களுக்குச் சுகம், செடிக்குச் சோதனை. இப்படிப்பட்ட வீட்டில் முதலில் இடத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு அப்புறம்தான் செடி வாங்கப் போக வேண்டும்.

நாங்கள் தலைகீழாகத் தொடங்கினோம். காரைக்குடி போய் ஒரு அரிக்கா பனை (450 ரூபாய்), இளஞ்சிவப்பு அக்லோனிமா இரண்டு (ஒன்று 200) வாங்கிவந்து முகப்புப் பட்டாலையில் (வீட்டு முன்பக்கத்துக் கூடம்) வைத்தோம். வருகிறவர்கள் கண்ணில் முதலில் படும் இடம் அதுதான். பார்வைக்கு நல்ல வெளிச்சமாகவே இருந்தது. ஆனால் அக்லோனிமாவில் புதிதாக வந்த இலையெல்லாம் சிவப்பை விட்டுப் பச்சையாக விரிந்தது. அரிக்காவின் கீழ்மட்டைகள் ஒவ்வொன்றாக மஞ்சளாகின. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்ற, அரிக்கா வேர் அழுகிப் போயே போய்விட்டது. வெளிச்சம் குறைந்த இடத்தில் செடி தண்ணீரை மெதுவாகத்தான் குடிக்கும். அங்கே தாகத்தில் செத்த செடியை நான் இன்னும் பார்க்கவில்லை, மூழ்கிச் செத்தவைதான்.

அப்புறம்தான் போனில் வெளிச்சம் அளக்கும் செயலி ஒன்றை இறக்கினேன். காசு கிடையாது. போன் சென்சார் காட்டும் எண் துல்லியமாக இருக்காது, ஆனால் ஓரிடத்தை இன்னோரிடத்தோடு ஒப்பிடப் போதும். ஒரு நாள் காலை 11 மணிக்கு வீடு முழுக்க நடந்து அளந்தேன். வளவு வாசல் நடுவில் நேர் வெயிலில் 80,000 லக்ஸைத் தாண்டியது. ஓட்டுச் சரிவுக்குக் கீழே, பத்தியின் விளிம்பில், நிழலில் 5,000. அங்கிருந்து நான்கடி உள்ளே போனால் 1,200. அறை வாசலை ஒட்டிய சுவரோரம் 300. முகப்புப் பட்டாலையில் 70. கதவைத் திறந்து வைத்தும் அறைக்குள் 15. பட்டாலையும் பத்தி விளிம்பும் கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் தெரிகின்றன, செடிக்கோ எழுபது மடங்கு வித்தியாசம்.

இந்த எண்களை ஒரு தாளில் வீட்டு வரைபடமாகப் போட்டுக்கொண்ட பிறகு செடி வாங்குவது சுலபமானது. 300 லக்ஸ் இடத்துக்குப் பாம்புச் செடியும் ஜீஜீ செடியும். இரண்டும் அங்கே வேகமாக வளராது, ஆனால் சாகாது. 1,000-ஐ ஒட்டிய இடத்துக்கு அக்லோனிமா, மணி பிளான்ட், பீஸ் லில்லி. விளிம்பில் ஸ்பைடர் செடி. ரப்பர் செடி வைப்பதென்றாலும் அங்கேதான். பட்டாலைக்கு எதுவும் இல்லை. அங்கே பித்தளைக் குத்துவிளக்கே போதும் என்று விட்டுவிட்டோம்.

பாம்புச் செடியை நர்சரியில் 150 ரூபாய்க்கு வாங்கி வந்தபோது அப்பத்தா சிரித்தார். "இது நம்ம மருள்தானப்பா. வேலி ஓரமாக் கெடக்கும், நார் உரிப்பாக. இதுக்குப் போயா காசு குடுத்த?" கடையில் விற்பது ஆப்பிரிக்காவிலிருந்து வந்த வகை, மஞ்சள் கரை போட்டது. நம் ஊர் மருள் அதற்குச் சொந்தக்காரச் செடி. அப்பத்தா சொன்னது பாதிக்கு மேல் சரிதான். பிறகு தோட்டத்து வேலியிலிருந்து ஒரு கிழங்கைத் தோண்டி வந்து வைத்தேன். நர்சரிச் செடியைவிடத் தெம்பாக நிற்கிறது.

வெயில் இடம் மாறுகிறது

வெளிச்சம் அளந்தாயிற்று, வேலை முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன். மார்கழியில் வடக்குப் பத்தியில் தூணுக்குப் பின்னால் நிழலில் இருந்த பீஸ் லில்லியின் இலைகளில் காகிதம் கருகியதுபோலப் பழுப்புத் திட்டுகள் வந்தன. நடுப்பகலில் போய்ப் பார்த்தால் செடி நேர் வெயிலில் நிற்கிறது!

அன்றிலிருந்து தரையில் சாக்குக்கட்டியால் கோடு போட ஆரம்பித்தேன். மாதம் ஒருமுறை, பகல் 12 மணியை ஒட்டி, வெயில் எதுவரை வருகிறது என்று ஒரு கோடும் மாதத்தின் பெயரும். எங்கள் ஓட்டுச் சரிவின் முனை தரையிலிருந்து 9 அடி உயரம். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து நிற்பதால் வெயில் வடக்குப் பத்திக்குள் ஏறக்குறைய 6 அடி நுழைகிறது. பிறகு மாதாமாதம் பின்வாங்கி, சித்திரை பிறந்த ஓரிரு நாளில் சூரியன் தலைக்கு நேராக வரும்போது இரண்டு பக்கமும் வெயில் இல்லை, வாசலோடு சரி. அதன் பின் ஆவணி நடுப்பகுதி வரை நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கே போய்விடுகிறது. வெயில் தெற்குப் பத்தியில் விழுகிறது. ஆனால் ஆனியில் அதிகபட்சமாகப் போனதே 2 அடிதான்.

ஆகவே எங்கள் வீட்டில் தெற்குப் பத்திதான் வருடம் முழுக்க நம்பகமான இடம். விளிம்பிலிருந்து இரண்டரை அடி தள்ளி வைத்தால் நடுப்பகல் வெயில் செடியைத் தொடவே தொடாது, வெளிச்சமும் குறையாது. வடக்குப் பத்தியில் வைப்பதென்றால் ஐப்பசியில் உள்ளே தள்ளி, மாசிக்குப் பிறகு விளிம்புக்குக் கொண்டுவர வேண்டும். மேற்குப் பத்தியில் காலை வெயில் இன்னும் ஆழமாகப் போகிறது, ஆனால் அது இதமானது. மணி பிளான்ட்டுக்கு அங்கே வளர்ச்சி நன்றாக இருக்கிறது. கிழக்குப் பத்தியில் சாயங்கால வெயில் ஏறும். கோடையில் பிற்பகல் 3 மணிக்கு அந்தப் பக்கம் தரையில் வெறும் காலை வைக்க முடியாது, அங்கே எதுவும் வைக்கவில்லை. உங்கள் வீட்டில் ஓட்டு முனை 9 அடியைவிட உயரமென்றால் வெயில் இன்னும் உள்ளே வரும், தாழ்வென்றால் குறையும். சாக்குக்கட்டி 5 ரூபாய். இந்த முழு வேலையிலும் அதிகப் பலன் கொடுத்த செலவு அதுதான்.

மண்ணும் தொட்டியும்

நர்சரியிலிருந்து வரும் செடிகள் பெரும்பாலும் பிசுபிசுப்பான களிமண் உருண்டையோடு வருகின்றன. லாரியில் நெடுந்தூரம் வருவதற்கு அது வசதி. இருட்டான பத்தியிலோ அந்த உருண்டை வாரக்கணக்கில் ஈரம் விடாது. வாங்கி வந்ததும் உடனே மாற்றாமல், ஒரு வாரம் விளிம்பில் வைத்துப் பழக்கிவிட்டு, உருண்டையைத் தண்ணீர் வாளியில் ஊறவைத்துப் பாதி மண்ணைக் கரைத்துவிட்டு நடுகிறேன். முழுவதும் கழுவினால் மெல்லிய வேர்கள் அறுந்துவிடுகின்றன.

கலவைக்கு அளவு, வீட்டில் கிடந்த பித்தளைப் படி. நார்க்கழிவு 4 படி, செம்மண் 2 படி, கழுவிய எம்-சாண்ட் 2 படி, மண்புழு உரம் 1 படி, இடித்த அடுப்புக்கரி அரைப் படி. பாம்புச் செடிக்கும் ஜீஜீக்கும் நார்க்கழிவைப் பாதியாக்கி, அந்த 2 படிக்குச் செங்கல் சல்லி. எம்-சாண்ட்டைக் கழுவாமல் போட்டால் அதிலுள்ள மாவு இறுகிச் சிமென்ட் தரைபோல ஆகிவிடும், தண்ணீர் மேலேயே நிற்கும்.

நார்க்கழிவு 5 கிலோ கட்டி 250 ரூபாய். அதில் உப்பு இருக்கும், இரண்டு மூன்று முறை ஊறவைத்துப் பிழிய வேண்டும். பிழிந்த தண்ணீரில் டிடிஎஸ் மீட்டரை (தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டுவது, 350 ரூபாய்) விட்டுப் பார்த்துக்கொண்டே கழுவினேன். எவ்வளவு கழுவியும் 1,350-க்குக் கீழே இறங்கவில்லை. மீட்டர் கெட்டுவிட்டதோ என்று குழாய்த் தண்ணீரில் வைத்தால் அதுவும் 1,350. எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரே அவ்வளவுதான்! அதில் கழுவினால் அதற்குக் கீழே எப்படி இறங்கும்? கடைசி அலசலை மட்டும் மழைத்தண்ணீரில் செய்தேன், 300-க்கு வந்தது.

தொட்டிக்குக் கடைக்குப் போகவில்லை. இரண்டாங்கட்டு அறையில் எனாமல் வாளிகளும் பழைய ஊறுகாய் ஜாடிகளும் கிடந்தன. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் இதே சாமானுக்குச் சொல்லும் விலையைக் கேட்டால் துளை போடக் கை வராது. அதனால் வாளிகளில் துளையே போடவில்லை. செடியை 8 அங்குல பிளாஸ்டிக் தொட்டியில் நட்டு, அதை வாளிக்குள் இறக்கி, அடியில் இரண்டு செங்கல் துண்டு. ஊற்றிய தண்ணீர் வாளியில் வடியும், வாரம் ஒருமுறை தூக்கிக் கொட்ட வேண்டும். கொட்டாமல் விட்டால் கொசு. தேங்கிய தண்ணீரில் புழு ஒரு வாரம், பத்து நாளில் கொசுவாகிவிடும். டெங்குவுக்காக வீடு வீடாக வந்து பார்க்கும் நகராட்சிப் பணியாளர்கள் முதலில் எட்டிப் பார்ப்பது இந்த வாளிகளைத்தான்.

விளிம்பு உடைந்த ஜாடிகள் இரண்டை மட்டும் துளையிட்டுப் பார்த்தேன். 10 மி.மீ. டைமண்ட் ஹோல் சா 180 ரூபாய். ஜாடியைக் கவிழ்த்து, அடிப்பகுதியில் களிமண்ணால் சிறு வரப்பு கட்டி, நடுவில் தண்ணீர் நிறுத்தி, சுத்தியல் முறையை அணைத்துவிட்டு, குறைந்த வேகத்தில் டிரில்லை லேசாகச் சாய்த்துத் தொடங்கி, பள்ளம் விழுந்ததும் நிமிர்த்த வேண்டும். அழுத்தவே கூடாது. முதல் ஜாடி கால்மணி நேரத்தில் சுத்தமாகத் துளை விழுந்தது. இரண்டாவது, கடைசி நூலளவில் விரிசல் விட்டது. தரையில் நேராக வைத்ததுதான் காரணம் என்று நினைக்கிறேன். முதலாவதை மடித்த சாக்கின் மேல் வைத்திருந்தேன்.

தரை

உண்மையில் எனக்குத் தலைவலி கொடுத்தது செடியல்ல, தரைதான். பத்தியில் ஆத்தங்குடிக் கல். கண்ணாடி மேல் வண்ணக் கலவை ஊற்றி, மேலே சிமென்ட் கலவை போட்டுக் கையால் செய்வது, சூளையில் சுடுவதில்லை. அதனால் ஈரத்தை உறிஞ்சும். மண்தொட்டி ஒன்றை நேராகத் தரையில் வைத்திருந்த இடத்தில் வட்டமாக வெள்ளை பூத்துவிட்டது. ஊருக்கு வந்திருந்த பெரியப்பச்சி (அப்பாவின் அண்ணன்) அதைப் பார்த்துவிட்டு, "செடி வேணும்னா தோட்டத்துல வைப்பா, வளவுல எதுக்கு?" என்றார். வீடு எங்களுக்கு மட்டும் சொந்தமில்லை, பங்காளிகள் எல்லோருக்கும் பங்கு உண்டு. அவர் கேட்டதில் தப்பில்லை.

கறை போக்க ஆசிட், எலுமிச்சை, குளியலறை திரவம் எதுவும் கூடாது. சிமென்ட்டை அரித்து வண்ணத்தையும் கொண்டுபோகும். வெறும் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, காயவிட்டு, மறுபடி துடைத்து, உப்பு வருவது நின்ற பிறகு தேங்காய் எண்ணெய் தொட்டுத் துணியால் தேய்த்தோம். முக்கால்வாசி மறைந்தது. இப்போது எந்தத் தொட்டியும் தரையைத் தொடுவதில்லை. பெரியவை நான்கும் சக்கரத் தட்டில் (ஒன்று 220 ரூபாய்), மற்றவை பழைய முக்காலிகளில். இரும்பு ஸ்டாண்டு வைப்பதானால் காலுக்கு ரப்பர் புஷ் போடுங்கள், துருக்கறை உப்புக் கறையைவிட மோசம். தேக்குத் தூணிலிருந்து ஒன்றரை அடியாவது தள்ளி வைக்கிறோம், தூணோரம் ஈரம் இருந்தால் கரையானுக்குச் சொல்லி அனுப்பியதாகிவிடும்.

சக்கரத் தட்டுக்கு இன்னொரு காரணமும் உண்டு. வீட்டில் கல்யாணமோ படைப்போ (முன்னோருக்குப் படையல்) வந்தால் வளவு முழுக்கக் காலியாக வேண்டும். எல்லாவற்றையும் இரண்டாங்கட்டுக்கு உருட்டிக்கொண்டு போக அரைமணி நேரத்துக்கு மேல் ஆகக் கூடாது என்பது பெரியப்பச்சியோடு செய்துகொண்ட ஒப்பந்தம்.

தண்ணீர்

ஸ்பைடர் செடியின் இலை நுனி எல்லாம் பழுப்பானதற்கு நான் சூட்டைக் காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். 1,350 என்ற எண்ணைப் பார்த்த பிறகு சந்தேகம் தண்ணீர் மேல் திரும்பியது. செட்டிநாட்டு வீடுகளில் ஓட்டுத் தண்ணீரைப் பிடிப்பது புதிதல்ல. வளவு வாசலில் நான்கு மூலையிலும் தகரக் குழாய் இறங்குகிறது, அந்தக் காலத்தில் கீழே அண்டாவை வைப்பார்கள். நான் 700 ரூபாய்க்கு ஒரு பழைய 200 லிட்டர் நீல டிரம் வாங்கி வைத்தேன். ஐப்பசியின் முதல் மழையை விட்டுவிட்டேன், புறா எச்சமும் தூசியும் அதோடு போகட்டும் என்று. பிறகு பிடித்ததில் டிடிஎஸ் 30. வாயில் மெல்லிய நைலான் வலை, கொசுவுக்காக.

ஒரு டிரம் பங்குனி வரை வந்தது. அதன் பிறகு ஏசியிலிருந்து வடியும் தண்ணீர், அதுவும் போதாதபோது ஆழ்துளைத் தண்ணீர். ஆழ்துளைத் தண்ணீர் ஊற்றினால் மாதம் ஒருமுறை தொட்டியைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய் அடியில் நன்றாக வழியும் வரை ஊற்றி உப்பை இறக்கிவிடுகிறேன். குடிநீர் வடிகட்டியின் கழிவுத் தண்ணீரை மட்டும் செடிக்கு ஊற்றாதீர்கள், அதில் உப்பு இன்னும் கூடுதல். மழைத்தண்ணீருக்கு மாறிய பின் ஸ்பைடர் செடியில் வந்த புது இலைகள் நுனிவரை பச்சை. பழைய நுனிகள் பழுத்தது பழுத்ததுதான், கத்தரித்துவிட்டேன்.

எப்போது ஊற்றுவது என்பதற்குக் கிழமை வைத்துக்கொள்ளவில்லை. விளக்குமாற்று ஈர்க்குச்சி ஒன்றைத் தொட்டியில் பாதி ஆழம் செருகி எடுத்தால் போதும். மண் ஒட்டி வந்தால் ஊற்றாதே. பாம்புச் செடி, ஜீஜீக்கு அடிவரை செருகினாலும் சுத்தமாக வர வேண்டும். மழைக்காலத்தில் மாதக்கணக்கில் ஊற்றாமலேயே இருந்திருக்கிறேன். பீஸ் லில்லிக்குக் குச்சியே வேண்டாம். தாகம் வந்தால் மொத்தமாகத் துவண்டு படுத்துவிடும், ஊற்றிய சில மணி நேரத்தில் எழுந்துகொள்ளும். கொஞ்சம் நாடகக்காரச் செடி.

பூச்சி அதிகம் இல்லை. அக்லோனிமா இலைக்காம்பில் மாவுப்பூச்சி வந்தது. ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் ஒற்றி எடுத்து, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டுச் சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலம் தெளித்ததும் அடங்கியது. பங்குனி, சித்திரை வறட்சியில் செஞ்சிலந்தி வரும். இலையின் அடிப்பக்கத்தை ஈரத்துணியால் துடைத்தாலே பெரும்பாலும் போதும். அணில்தான் அடக்க முடியாதது. கூடு கட்ட நார்க்கழிவை வாரிக்கொண்டு போகிறது. தொட்டியின் மேல்மண்ணில் கூழாங்கல் பரப்பிய பிறகு கொஞ்சம் குறைந்திருக்கிறது. குழந்தைகள் வந்துபோகும் வீடென்றால் இன்னொன்று: அக்லோனிமா, மணி பிளான்ட், பீஸ் லில்லி, ஜீஜீ நான்கின் சாறும் வாயில் பட்டால் எரியும், கைக்கு எட்டாமல் வையுங்கள்.

120 ரூபாய் கொடுத்து வாங்கிய பெரணி, கத்திரியின் முதல் வாரத்தைத் தாண்டவில்லை. காலையும் மாலையும் தண்ணீர் தெளித்துப் பார்த்தேன், வளவுக்குள் சுழலும் அனல்காற்றுக்கு அது எந்த மூலைக்கு?

செடிக்கு 2,300-ஐ ஒட்டியும் மற்ற சாமானுக்கு 2,600-ஐ ஒட்டியும் ஆகியிருக்கிறது. அதில் அரிக்காவும் பெரணியும் சேர்த்து 570 மண்ணோடு போனது. மறுபடி தொடங்கினால் சித்திரையில் செடி வாங்க மாட்டேன், ஐப்பசியில் வாங்குவேன். நர்சரி நிழல்வலையிலிருந்து வரும் செடி ஊன்றிக்கொள்ள அந்தக் குளிர்ச்சி வேண்டும். டிரம் இரண்டு வைப்பேன். அரிக்காவுக்குப் பதில் தெற்குப் பத்தி விளிம்பில் ரப்பர் செடி ஒன்றை வைத்துப் பார்க்கலாமென்று இருக்கிறேன். அதற்கு இடமும் அளந்தாயிற்று, 3,500 லக்ஸ் காட்டுகிறது. பெரியப்பச்சியிடம்தான் இன்னும் சொல்லவில்லை.